30 வாரத்தில் பிறந்த குழந்தை: ஆக்சிஜனை ஏன் 100க்கு உயர்த்த மறுக்கிறார்கள்?

கேள்வி (முதன்முறை தந்தையானவர்)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் மகள் பிறந்து இன்றோடு நான்கு நாட்கள் முடிகின்றன. முப்பதாவது வாரத்தில் திடீரெனப் பனிக்குடம் உடைந்து, ஊரில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் பிறந்தாள். எடை 1,280 கிராம். குழந்தையின் நுரையீரல் முதிர்வதற்கென்று தாய்க்குப் போடும் ஊசியில் ஒரு தவணைதான் என் மனைவிக்குப் போட முடிந்தது. பிறந்தவுடன் மெலிதாக அழுதாள். ஆனால் கால் மணி நேரம் ஆவதற்குள் ஒவ்வொரு மூச்சை விடும்போதும் முனகத் தொடங்கினாள். நெஞ்சுக்குழி உள்ளே குழிந்து குழிந்து எழுந்தது. அங்கே வசதி இல்லை என்று சொல்லி, 108 ஊர்தியில் அரசு மருத்துவமனையின் பச்சிளங்குழந்தைப் பிரிவுக்கு அனுப்பிவிட்டார்கள்.

இங்கே வந்ததும், மூக்கு வழியாகக் காற்றை இடைவிடாத அழுத்தத்தில் செலுத்தும் சிபாப் கருவியை வைத்தார்கள். அன்று மாலையே நுரையீரலுக்குள் சர்ஃபாக்டன்ட் மருந்து செலுத்தினார்கள். இரண்டாம் நாள் மூச்சு அடிக்கடி நின்றுபோனதால் வென்டிலேட்டரில் வைத்து, இன்று காலை மீண்டும் சிபாப்புக்கு மாற்றியிருக்கிறார்கள். இயந்திரத்தில் ஆக்சிஜன் 30 சதவீதம் என்றும், திரையில் 91 அல்லது 92 என்றும் காட்டுகிறது. நேற்றிரவு ஒருமுறை 88க்கு இறங்கி மணி அடித்தபோது என் கைகால் நடுங்கிவிட்டது. கோவிட் காலத்தில் என் தந்தைக்கு 94க்குக் கீழே இறங்கியதற்கே மருத்துவமனையில் சேர்க்கச் சொன்னார்கள். இங்கோ 92 போதும் என்கிறார்கள். கூட்டித் தாருங்கள் என்று கேட்டால், கூட்டினால் கெடுதல் என்று செவிலியர் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். உயிர் காக்கும் ஆக்சிஜன் எப்படிக் கெடுதலாகும்? சிக்கனத்துக்காகச் சொல்கிறார்களா? ஒருமுறை எடுத்த வென்டிலேட்டரை மறுபடியும் வைக்க வேண்டிவந்தால், குழந்தை கைமீறிப் போகிறாள் என்று பொருளா? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் பேருதவியாக இருக்கும்.

பதில் 1 (பச்சிளங்குழந்தை மருத்துவர்)

உங்கள் மகளை நேரில் பார்க்காமல் அவளது சிகிச்சையைப் பற்றி நான் தீர்ப்புச் சொல்வது முறையல்ல. அங்கே அருகில் இருந்து பார்க்கும் மருத்துவரின் சொல்லே இறுதியானது. ஆனால் நீங்கள் கேட்ட கேள்வி, ஒவ்வொரு பெற்றோரும் கேட்க வேண்டிய கேள்வி. சிக்கனத்துக்காக யாரும் ஆக்சிஜனைக் குறைப்பதில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நுரையீரலில் உள்ள காற்றுப்பைகளின் உட்சுவரில் மெல்லிய ஈரப்படலம் உண்டு. நனைந்த இரண்டு பிளாஸ்டிக் தாள்கள் ஒட்டிக்கொண்டால் பிரிப்பது எவ்வளவு கடினமோ, அதுபோல அந்த ஈரம் காற்றுப்பைகளை மூடி ஒட்ட வைக்கப் பார்க்கும். அப்படி ஒட்டாமல் காப்பதற்காக நுரையீரல் தானே சுரக்கும் பொருள்தான் சர்ஃபாக்டன்ட். கருவில் ஏறத்தாழ 24 வாரத்திலிருந்து சிறிது சிறிதாகச் சுரக்கத் தொடங்கி, 35 வார அளவில்தான் தேவைக்குப் போதுமானதாகிறது. உங்கள் மகள் 30 வாரத்தில் வந்துவிட்டாள். நாம் புது பலூனை ஊதும்போது முதல் ஊதலுக்குத்தான் கன்னம் வலிக்கும். பாதி விரிந்த பிறகு எளிதாகிவிடும். இவளுக்கோ ஒவ்வொரு மூச்சும் அந்த முதல் ஊதல்தான். அந்த உழைப்பைத்தான் நெஞ்சுக்குழி குழிவதாக நீங்கள் கண்டீர்கள். நீங்கள் கேட்ட முனகலும் அழுகையல்ல. குரல்வளையைப் பாதி மூடிக்கொண்டு மூச்சை விட்டால் காற்றுப்பைகளுக்குள் சற்று அழுத்தம் தங்கும், அவை முழுவதுமாகச் சுருங்காது என்பதை யாரும் கற்றுத்தராமலே அந்த உடல் அறிந்திருக்கிறது. தனக்குத் தானே சிபாப் கொடுத்துக்கொள்கிற முயற்சி என்றே அதைச் சொல்லலாம்.

மூச்சுத் திணறலும் மூச்சுச் செயலிழப்பும் ஒன்றல்ல என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். திணறும் குழந்தை இன்னும் போராடுகிறது. வேகமாக மூச்சுவிட்டு, முனகி, விலா எலும்புகளுக்கிடையே தசையை இழுத்து, இரத்தத்தின் ஆக்சிஜனையும் கரியமில வாயுவையும் ஓரளவு சமாளித்துக்கொள்கிறது. சமாளிக்க முடியாமல் கரியமில வாயு தேங்கி, இரத்தம் அமிலத்தன்மை அடைந்து, ஆக்சிஜன் இறங்கும்போதுதான் அது செயலிழப்பு. நன்றாக முனகிக்கொண்டிருந்த குழந்தை திடீரென அமைதியானால், உறவினர்கள் தூங்கிவிட்டதாக எண்ணி நிம்மதி அடைவார்கள், நாங்கள் ஓடுவோம். அது பெரும்பாலும் களைப்பு. இரண்டாம் நாள் மூச்சு நின்று நின்று வந்ததைக் கண்டு வென்டிலேட்டர் வைத்ததும் இந்தக் கணக்கில்தான்.

இனி ஆக்சிஜன். நீங்கள் சொன்ன இரண்டு எண்களும் வெவ்வேறு. 30 என்பது குழந்தைக்குக் கொடுக்கும் காற்றில் உள்ள ஆக்சிஜன். நாம் எல்லோரும் சுவாசிக்கும் காற்றில் அது 21. திரையில் காணும் 92 என்பது இரத்தச் சிவப்பணுக்கள் ஏற்றிச் செல்லும் ஆக்சிஜனின் நிறைவு. உங்கள் தந்தையின் கண்ணில் விழித்திரை வளர்ந்து முடிந்து எத்தனையோ ஆண்டுகள் ஆகிவிட்டன. உங்கள் மகளின் விழித்திரையில் இரத்தக்குழாய்கள் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கின்றன. ஆக்சிஜன் மிகுந்தால் அந்த வளர்ச்சி நின்றுபோகும்; சில வாரங்கள் கழித்து அவை தாறுமாறாகக் கிளைத்து, விழித்திரையையே இழுத்துப் பிரித்துவிடவும் கூடும். 1940களிலும் 1950களின் தொடக்கத்திலும், அமெரிக்கா உள்ளிட்ட வசதி மிகுந்த நாடுகளில், நன்மை செய்வதாக எண்ணிக் குறைமாதக் குழந்தைகளுக்குத் தாராளமாக ஆக்சிஜன் கொடுத்தார்கள். ஆயிரக்கணக்கான குழந்தைகள் பார்வை இழந்தார்கள். காரணம் தெரிந்ததும் மறுபக்கம் சாய்ந்து, ஆக்சிஜனை மிகக் கடுமையாகக் கட்டுப்படுத்தினார்கள். பிழைத்திருக்கக் கூடிய குழந்தைகள் இறந்தார்கள்.

அதன் பிறகு, இந்த நூற்றாண்டில், 28 வாரத்துக்கு முன் பிறந்த ஏறத்தாழ 5,000 குழந்தைகளைக் கொண்டு பல நாடுகளில் ஆய்வுகள் நடந்தன. நிறைவை 85 முதல் 89 வரை வைத்த குழந்தைகளுக்குக் கண் பாதிப்பு குறைந்தது, ஆனால் இறப்பு கூடியது. 91 முதல் 95 வரை வைத்தவர்களுக்கு இறப்பு குறைந்தது, சிகிச்சை தேவைப்படும் கண் பாதிப்பு கூடியது. உயிருக்கு முதலிடம் கொடுத்து, கண்ணைக் கண்காணித்துக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்ற முடிவில்தான் இன்று பெரும்பாலான இடங்களில் 90 முதல் 95 என்று வைக்கிறார்கள். உங்கள் மகளின் 92 இந்த வரம்புக்குள் இருக்கிறது. மணி 88க்கு அடித்ததைப் போலவே 96, 97க்கும் அடிக்கும்படி வைத்திருப்பார்கள், கவனித்துப் பாருங்கள். நாளை அவள் வெறும் காற்றையே சுவாசிக்கும்போது 98 காட்டினால் அஞ்ச வேண்டாம். நாம் கூட்டிக் கொடுக்கும் ஆக்சிஜனுக்குத்தான் இந்த மேல்வரம்பு.

மறுபடி வென்டிலேட்டர் தேவைப்படுவது, இந்த எடையில் அரிதான செய்தி அல்ல. இயந்திரம் நுரையீரலைக் குணப்படுத்துவதில்லை. நுரையீரல் தன் சர்ஃபாக்டன்ட்டைத் தானே சுரக்கத் தொடங்கும்வரை அவகாசம் வாங்கித் தருகிறது. சர்ஃபாக்டன்ட் குறைவால் வரும் இந்த நோய் முதல் இரண்டு மூன்று நாட்களில் மோசமாகி, பிறகு படிப்படியாகத் தேறுவதுதான் வழக்கம். களைப்பு இல்லாதபோதும் இடையிடையே மூச்சு நிற்பது வேறு விஷயம். அது மூளையில் உள்ள சுவாச மையத்தின் முதிர்ச்சியின்மை. அதற்குக் காஃபீன் மருந்து கொடுப்பார்கள். ஆம், காபியில் இருக்கும் அதே காஃபீன்தான்.

ஒன்றைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. 1963 ஆகஸ்டில் அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் பேட்ரிக் ஐந்தரை வாரம் முன்னதாக, 2 கிலோவுக்குச் சற்று மேற்பட்ட எடையில் பிறந்து, இதே நோயால் 39 மணி நேரத்தில் இறந்தான். உங்கள் மகளைவிட முதிர்ந்த, அவளைவிட மிகப் பெரிய குழந்தை. சர்ஃபாக்டன்ட் குறைவுதான் காரணம் என்று அமெரிக்க ஆய்வாளர்களான மேரி எலன் அவெரியும் ஜெரி மீடும் 1959லேயே காட்டியிருந்தார்கள். ஆனால் கையில் மருந்தில்லை. பச்சிளங்குழந்தைகளுக்குச் சிபாப் பயன்படுவதை அமெரிக்க மருத்துவர் கிரெகரி 1971ல் எழுதினார். பசுவின் நுரையீரலிலிருந்து எடுத்த சர்ஃபாக்டன்ட்டை ஜப்பானிய மருத்துவர் ஃபுஜிவாரா பத்துக் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தது 1980ல். அன்று அதிபர் மாளிகைக்குக் கிடைக்காதது, இன்று உங்கள் ஊர் அரசு மருத்துவமனையில் உங்கள் மகளுக்குக் கிடைத்திருக்கிறது.

பதில் 2 (பச்சிளங்குழந்தைப் பிரிவில் 14 ஆண்டுகளாகச் செவிலியர்)

தம்பி, மருத்துவர் விளக்கமாகச் சொல்லிவிட்டார். நான் அருகிலிருந்து பார்ப்பதைச் சொல்கிறேன். உங்கள் குழந்தைக்கு வைத்திருப்பது குமிழிச் சிபாப்பாக இருந்தால், குழந்தையிடமிருந்து வெளியே வரும் குழாயின் முனை ஒரு புட்டியில் உள்ள தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும். அது 5 சென்டிமீட்டர் ஆழத்தில் இருந்தால், குழந்தையின் மூச்சுப்பாதையில் 5 சென்டிமீட்டர் நீரழுத்தம் நிற்கிறது என்று பொருள். அந்தப் புட்டியில் இடைவிடாமல் குமிழி வந்துகொண்டே இருக்க வேண்டும். சத்தம் நின்றால் நாங்கள் திரையைப் பார்ப்பதற்கு முன் குழந்தையின் மூக்கைப் பார்ப்போம். பெரும்பாலும் மூக்குக்குழாய் விலகியிருக்கும், அல்லது வாய் திறந்து காற்று அந்த வழியே போய்க்கொண்டிருக்கும். குழாயில் ஈரம் தேங்கி அடைத்திருப்பதும் உண்டு. நேற்றிரவு 88க்கு இறங்கியதற்கும் இப்படி ஒரு சிறிய காரணம் இருந்திருக்கலாம். மறுநாள் பணியில் இருப்பவரிடம் அமைதியாகக் கேளுங்கள், சொல்வார்கள்.

மூக்கை அடிக்கடி தொட்டுப் பார்க்கிறார்களே என்று தோன்றும். மூக்குக்குழாய்க்கும் நடுச்சுவருக்கும் இடையே சிறு இடைவெளி இருக்க வேண்டும். ஒட்டி அழுத்தினால் அந்த மெல்லிய தோல் முதலில் சிவந்து, பிறகு புண்ணாகி, நடுச்சுவரே அரித்துப்போகும். ஒரு குழந்தைக்கு அப்படி ஆனதை நான் பணியில் சேர்ந்த புதிதில் பார்த்திருக்கிறேன். அதிலிருந்து ஒவ்வொரு முறையும் விளக்கை அருகில் பிடித்துப் பார்க்காமல் என்னால் நகர முடிவதில்லை. வாய் வழியாக வயிற்றுக்குள் போகும் குழாயைத் திறந்து வைத்திருப்பதும் பால் கொடுக்க மறந்ததால் அல்ல. சிபாப் காற்று வயிற்றுக்குள்ளும் இறங்கி உப்பிவிடும். அது வெளியேற வழி வேண்டும்.

இரண்டு விஷயங்கள் உங்கள் கையில் இருக்கின்றன. முதலாவது சூடு. குழந்தையின் உடல் குளிர்ந்தால் சூட்டை மீட்பதற்கே ஆக்சிஜனைச் செலவழிக்கும், மூச்சுத் திணறல் கூடும். கையைக் கழுவி, நன்றாகத் துடைத்து, உள்ளங்கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு தொடுங்கள். தடவிக்கொண்டே இருக்காமல், ஒரு கையைத் தலையிலும் ஒரு கையைப் பாதத்திலும் அசையாமல் வைத்தால் போதும். பல குழந்தைகளுக்கு அப்போது திரையில் எண் நிலைப்படுவதைப் பார்த்திருக்கிறேன். இரண்டாவது தாய்ப்பால். உங்கள் மனைவி இரவும் பகலும் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பாலைப் பீய்ச்ச வேண்டும். முதல் நாட்களில் சில சொட்டுகள்தான் வரும். அந்தச் சீம்பாலை வீணாக்காமல் கொண்டுவந்து கொடுங்கள். “இவ்வளவுதான் வந்தது” என்று ஒரு தாய் பாலாடையை மறைத்துப் பிடித்தபடி நின்றார். நான் வாங்கிப் பார்த்தேன். அடியில் மஞ்சளாக அரை மில்லி இருந்தது. அவருடைய குழந்தைக்கு அன்று தேவைப்பட்டது அவ்வளவே.

சிறுநீர்த் துணியை நாங்கள் எடை போடுவதையும் பார்த்திருப்பீர்கள். மூன்றாம் நாள் வாக்கில் சிறுநீர் நன்றாகப் பிரியத் தொடங்கினால், நுரையீரலும் தேறத் தொடங்கியிருக்கிறது என்று எங்களுக்கு நம்பிக்கை வரும்.

பதில் 3 (28 வாரத்தில் பிறந்த மகனின் தாய்)

அண்ணா, நானும் அந்தக் கண்ணாடிச் சுவருக்கு வெளியே 61 நாட்கள் நின்றவள். என் மகன் இப்போது இரண்டாம் வகுப்புப் படிக்கிறான். உங்களிடம் ஒன்றை வற்புறுத்திச் சொல்லத்தான் எழுதுகிறேன்: கண் பரிசோதனை நாளைத் தவறவிடாதீர்கள்.

மருத்துவர் சொன்ன அந்த விழித்திரைப் பாதிப்பு என் மகனுக்கு இருந்தது. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. கண் அழகாகத்தான் இருக்கும், குழந்தை வெளிச்சத்தைப் பார்த்துக் கண் சுருக்கும். நம் நாட்டில் 34 வாரத்துக்கு முன் பிறந்த அல்லது 2 கிலோவுக்குக் குறைந்த எடையுள்ள குழந்தைகளுக்கு, பிறந்து நான்கு வாரத்துக்குள் முதல் பரிசோதனை செய்ய வேண்டும். மிகச் சிறிய குழந்தைகளுக்கு இன்னும் முன்பே, இரண்டு மூன்று வாரத்திலேயே பார்ப்பார்கள். என் மகனுக்கு இரண்டாம் முறை பார்த்தபோது நோய் முற்றும் நிலையில் இருந்ததால் இரண்டு நாளில் லேசர் செய்தார்கள். பிறகு கண்ணாடி போட வேண்டியதாயிற்று, அவ்வளவுதான். எங்களுடன் இருந்த இன்னொரு குடும்பம், குழந்தை தேறி வீட்டுக்குப் போன மகிழ்ச்சியில், வெளியேற்றச் சீட்டின் கடைசி வரியில் எழுதியிருந்த தேதியைக் கவனிக்கவில்லை. குழந்தை பொம்மையைப் பார்த்துச் சிரிக்கவில்லை என்று ஐந்தாம் மாதத்தில் கண் மருத்துவரிடம் போனார்கள். அதற்கு மேல் எழுத என்னால் முடியவில்லை. குழந்தை நன்றாக இருந்தாலும், நெடுந்தொலைவு போக வேண்டியிருந்தாலும், வீட்டில் விசேஷமே இருந்தாலும் அந்தத் தேதியில் போய்விடுங்கள். விழித்திரை முழுவதும் வளர்ந்துவிட்டது என்று அவர்கள் சொல்லும்வரை போய்க்கொண்டே இருங்கள்.

மூச்சு சற்று நிலைப்பட்டதும், குழந்தையைத் தோலோடு தோல் சேர மார்பில் வைக்கும் கங்காரு முறையைப் பற்றி நீங்களே கேளுங்கள். மூக்கில் சிபாப் இருக்கும்போதே என் மார்பில் வைத்தார்கள். சேலை முந்தானையால் இருவரையும் சேர்த்துக் கட்டி, குழாயை என் தோளில் ஒட்டிவிட்டார்கள். முதல் அரைமணி நேரம் நான் மூச்சுவிடவே பயந்தேன். பிறகு அவன் மூச்சு என் மூச்சோடு ஒத்து வருவதுபோலத் தோன்றியது. மனைவிக்கு உடல் தேறாவிட்டால் நீங்களும் செய்யலாம், தந்தையின் மார்பும் அதே சூடுதான்.

மறுகேள்வி (முதன்முறை தந்தையானவர்)

எல்லோருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. மருத்துவரின் பதிலை என் மனைவிக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். இன்று 96க்கு மணி அடித்ததையும் செவிலியர் வந்து ஆக்சிஜனை 28க்குக் குறைத்ததையும் என் கண்ணால் பார்த்தேன். நேற்றாக இருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். இன்னும் இரண்டு ஐயங்கள். ஊசி ஒரு தவணையே போட்டது எங்கள் தவறா? பனிக்குடம் உடைந்ததும் நேராகப் பெரிய மருத்துவமனைக்குப் போயிருக்க வேண்டுமா? இன்னொன்று: என் மைத்துனியின் குழந்தை 38 வாரத்தில், வலி வருவதற்கு முன்பே அறுவைச் சிகிச்சையில் பிறந்து இரண்டு நாள் மூச்சுத் திணறியது. நிறைமாதக் குழந்தைக்கும் இதே நோய் வருமா?

பதில் 4 (பச்சிளங்குழந்தை மருத்துவர்)

கடைசிக் கேள்விக்கு முதலில். அது பெரும்பாலும் வேறு. கருவில் நுரையீரல் முழுவதும் நீர் நிறைந்திருக்கும். பிரசவ வலியின்போது சுரக்கும் ஹார்மோன்கள் அந்த நீரை உறிஞ்ச வைக்கின்றன. வலி தொடங்குமுன் அறுவைச் சிகிச்சை செய்தால் நீர் வடியச் சற்று தாமதமாகும். ஒன்று முதல் மூன்று நாளில் தானே சரியாகும். ஆனால் நிறைமாதக் குழந்தைக்கு மூச்சுத் திணறினால் கிருமித்தொற்று, கருவிலேயே கழித்த மலத்தை உறிஞ்சியது, இதயக் குறை ஆகியவற்றையும் பார்த்தே ஆக வேண்டும். தானே சரியாகும் என்று வீட்டில் வைத்திருக்கக் கூடாது.

உங்கள் தவறு எதுவும் இல்லை. அந்த ஊசியின் கதை நியூசிலாந்தில் தொடங்கியது. லிக்கின்ஸ் என்ற மருத்துவர் செம்மறியாடுகளில் வேறொன்றை ஆராயும்போது, கருவிலேயே ஸ்டீராய்டு மருந்து செலுத்தப்பட்டு, உயிரோடு இருக்கவே முடியாத அளவு முன்னதாகப் பிறந்த ஒரு குட்டி மூச்சுவிட்டுக்கொண்டிருப்பதைக் கண்டார். குழந்தை மருத்துவர் ஹோவியுடன் சேர்ந்து, அதே வகை மருந்தைக் கொண்டு தாய்மாரிடம் நடத்திய ஆய்வை 1972ல் வெளியிட்டார். நம் ஊரில் பெரும்பாலும் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டை 6 மில்லிகிராம் வீதம் 12 மணி நேரத்துக்கு ஒருமுறை நான்கு தவணை போடுகிறோம். முழுமையாகப் போட்டால்தான் முழுப் பயன். ஆனாலும் முதல் தவணை வீண் போவதில்லை. அதனால்தான், பிரசவம் எந்த நேரமும் ஆகலாம் என்ற நிலையிலும் மருத்துவர்கள் முதல் ஊசியைப் போட்டுவிடுகிறார்கள்.

பெரிய மருத்துவமனை பற்றி நீங்கள் கேட்டது சரியான கேள்வி. ஆனால் அதைக் கேட்டிருக்க வேண்டியவர்கள் மருத்துவர்களாகிய நாங்கள். தாயின் கருப்பையைவிடப் பாதுகாப்பான ஊர்தி கிடையாது. குறைப்பிரசவம் ஆகும் என்று தெரிந்தால், நேரம் இருக்கும்பட்சத்தில், முதல் ஊசியைப் போட்டுத் தாயைப் பச்சிளங்குழந்தைப் பிரிவு உள்ள இடத்துக்கு அனுப்புவதே முறை. பிறந்த பிறகு குழந்தையை மட்டும் அனுப்பும்போது வழியில் குளிர்ந்துவிடுகிறது, மூச்சுக்கான உதவியும் தாமதமாகிறது. வலி முற்றிவிட்டால் அங்கேயே பிரசவம் பார்ப்பதுதான் சரி. உங்கள் மனைவிக்கு எந்த நிலை என்று எனக்குத் தெரியாததால், அந்த மருத்துவமனையைக் குறை சொல்ல மாட்டேன்.

வீட்டுக்குப் போகும் நாள் வரும். அதற்காக இப்போதே சொல்லிவைக்கிறேன். குழந்தை அமைதியாக இருக்கும்போது ஒரு நிமிடம் முழுவதும் மூச்சை எண்ணுங்கள். 60 அல்லது அதற்கு மேல் இருந்தால் இன்னொரு முறை எண்ணுங்கள். மறுபடியும் அப்படியே இருந்தால் மருத்துவமனைக்கு வர வேண்டும். நெஞ்சு குழிந்தாலோ, முனகினாலோ, உதடும் நாக்கும் நீலமானாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, மூச்சு நின்றாலோ எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம், உடனே வாருங்கள். சளி எடுப்பதாகச் சொல்லி மூக்கில் எண்ணெய் விடுவதையும், வாயால் ஊதுவதையும், சாம்பிராணிப் புகை காட்டுவதையும் பெரியவர்கள் அன்பினால்தான் செய்கிறார்கள். ஆனால் மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியா வந்த குழந்தைகளுக்கு நானே சிகிச்சை செய்திருக்கிறேன். உங்கள் மகளின் நுரையீரல் அதைத் தாங்காது. வீட்டில் இதைச் சொல்ல மனைவியைத் தனியே விட்டுவிடாதீர்கள்; நீங்கள் சொல்லுங்கள்.

பின்னூட்டம் (முதன்முறை தந்தையானவர்)

பதினோராம் நாள். இன்று மதியம் சிபாப்பை எடுத்துவிட்டார்கள். இப்போது வெறும் காற்றில் இருக்கிறாள். திரையில் 97 காட்டியது, பயப்படவில்லை. காஃபீன் தொடர்கிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை குழாய் வழியாக 14 மில்லி தாய்ப்பால். நேற்று ஒருமுறை மூச்சு நின்றபோது செவிலியர் உள்ளங்காலை இரண்டு முறை தேய்த்ததும் அழுதுவிட்டாள். மாலையில் ஒன்றரை மணி நேரம் என் மார்பில் இருந்தாள். கண் பரிசோதனைத் தேதியைச் சிவப்பு மையில் எழுதி, மனைவியின் கட்டிலுக்கு மேலே ஒட்டியிருக்கிறேன்.